கருடன் பார்க்க வாங்கின பைனாகுலர்

ஏனுங்க, தப்பா நெனைக்கலீன்னா ஒண்ணு கேக்கட்டுங்களா? உங்க கழுத்துல தொங்குதுங்களே பைனாகுலரு, அது பத்துக்கு அம்பதுங்களா? நெனைச்சேன். பொள்ளாச்சியில பஸ் எடுத்ததுலருந்து பாத்துட்டு வர்றனுங்க. டிரைவரு பிரேக் போடறப்பெல்லாம் அது வந்து உங்க நெஞ்சுல இடிக்குது, நீங்களும் ஒவ்வொருக்காவும் நெஞ்சைத் தடவிக்கறீங்க. வால்பாறைக்குக் குருவி பாக்கவா? போங்க, நல்லாப் பாருங்க. ஆனா சாயந்தரம் கழுத்துப் பொடனி வலிக்கும், அப்ப என்னை நெனைச்சுக்குவீங்க.

நான் சும்மா சொல்லலீங்க. இந்தச் சட்டையைப் பாருங்க. பாக்கெட்டு மத்தவங்க பாக்கெட்டு மாதிரி இல்லீங்கல்ல? கொஞ்சம் ஆழம், கொஞ்சம் அகலம், மேல ஒரு மூடி. என்கிட்ட இருக்கற சட்டை எல்லாமே இப்படித்தான். பிரிச்சுத் தைக்கக் குடுத்தப்ப எங்கூர் டெய்லரு கேட்டான், "ஏனுங்ணா, சட்டைக்குப் பாக்கெட்டா, பாக்கெட்டுக்குச் சட்டையா"ன்னு. அவனுக்கு என்ன தெரியும். பைனாகுலருங்கறது பாக்கெட்டுல இருக்கோணும். வேணுங்கறப்ப கை போன எடத்துல கெடைக்கோணும். பையைத் தொறந்து, உறையை அவுத்து, மூடியைக் கழட்டறதுக்குள்ள எந்தப் பறவைங்க நமக்காக நிக்கும்?

எனக்கு உடுமலைப் பக்கம் ஓடைக்காட்டுப்புதூருங்க. பேரு மாரப்பன். மோட்டாருக்குக் காயில் கட்டற கடை. மோட்டார் மாரப்பன்னு கேட்டீங்கன்னா சுத்துப்பட்டுல எல்லாருக்கும் தெரியும். அதா, முன்னால லேடீஸ் சீட்டுல சன்னலோரமா மடியில பையை வச்சுட்டு உக்காந்திருக்கறது என் சம்சாரம், துளசிமணி. வால்பாறையில என் கொழுந்தியா வூட்டுக்குப் போறோம். விசேசம் ஒண்ணும் இல்லீங்க. விசேசம் எங்கூர்லதான். இன்னிக்கு எங்க அம்மன் கோயில்ல மண்டல பூசை நெறையுது. கும்பாபிசேகம் ஆனப்பறம் ஒரு மண்டலம் பூசை நடக்குமில்லீங்க, அதுக்குக் கடைசி நாள். ஊரே பந்தியில உக்காந்திருக்கும் இந்நேரம். நான் மட்டும் இந்தப் பஸ்ஸுல உங்ககூட உக்காந்திருக்கறேன். ஏன்னு கேக்க மாட்டீங்கறீங்களே. சரி, நானே சொல்றேன்.

உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். கோபுரக் கலசத்துக்குத் தண்ணி ஊத்தறதுக்கு முன்னால கருடன் வந்து வானத்துல வட்டம் போடோணும். போட்டாத்தான் அம்மனுக்குச் சம்மதம்னு அர்த்தம். எல்லா ஊர்லயும் உள்ளதுதான். பன்னெண்டு வருசத்துக்கு முன்னால நடந்த கும்பாபிசேகத்துலயும் வந்துச்சு. ஊரே கையைத் தூக்கி "அம்மா, தாயே"ங்குது. நானும் தூக்குனேன். ஆனா எனக்குத் தூரத்துப் பார்வை கம்மிங்க. எங்க எங்கன்னு தேடறதுக்குள்ள அது போயிருச்சு. வானம் நல்லா நீலமா இருந்துச்சு, அவ்வளவுதான் நான் கண்டது.

அன்னிக்குப் பந்தியில திருமலைச்சாமியண்ணன் பக்கத்துல உக்காந்திருந்தாரு. எங்க பங்காளி, கோயில் கமிட்டித் தலைவரு. "பாத்தியாப்பா மாரப்பா"ன்னாரு. இல்லீங்ணான்னு உள்ளதைச் சொன்னேன். அவரு எலையிலருந்து தலையைத் தூக்காம சொன்னாருங்க, "மனசுல கள்ளம் இல்லாதவங்க கண்ணுக்குத்தாம்ப்பா கருடன் தெரியும்."

பந்தியே சிரிச்சுது. சாம்பார் வாளி வச்சிருந்தவன் கூடச் சிரிச்சான். பன்னெண்டு வருசம் அந்தச் சிரிப்பு என் காதுலயே கெடந்துச்சுங்க. என்னுங்க கள்ளம்? நான் கட்டற காயில்ல ஒரு சுத்து கொறைச்சிருப்பனா? துளசிமணி அன்னிக்குப் பாத்திருந்தா. செங்கல் நெறத்துல ரெக்கை, தலையும் நெஞ்சும் சுண்ணாம்பு அடிச்சாப்ல வெள்ளை, அசைக்காம வச்சுட்டு மெதக்குதும்பா. எத்தனையோ தடவை அவளைச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கறேன். அடுத்தவங்க சொல்லிக் கேக்கறதும் நம்ம கண்ணால பாக்கறதும் ஒண்ணாகுங்களா?

அதனால இந்தக் கும்பாபிசேகத்துக்கு நாள் குறிச்ச உடனே முடிவு பண்ணிட்டனுங்க. பைனாகுலர் வாங்கறது. வாங்கறதுன்னா உங்களை மாதிரி கடைக்குப் போனமா, பெருசா ஒண்ணைக் கழுத்துல மாட்டுனமான்னு இல்லை. கோவிச்சுக்காதீங்க. நான் மோட்டார்காரன், எதையும் பிரிச்சுப் பாத்துத்தான் வாங்குவேன். கோயமுத்தூர்ல ஒரு கடை. பல தடவை போனேன். கடைசிக் கடைசியில கடைக்காரரு என்னைக் கண்டதும் டீ சொல்லிட்டு உள்ள போயிருவாரு.

முதல்ல எத்தனை மடங்குங்கறதுங்க. எல்லாரும் பத்துதான் கேப்பாங்களாம். நான் பத்தை வாங்கி எதிர்ல கரண்டுக் கம்பத்துல உக்காந்திருந்த காக்காயைப் பாத்தேன். காக்கா கெடந்து ஆடுது. ஆடறது காக்கா இல்லீங்க, நம்ம கை. எத்தனைக்கெத்தனை பெருசாக் காட்டுதோ அத்தனைக்கத்தனை கை நடுக்கத்தையும் பெருசாக் காட்டும். எட்டுல பாத்தேன், காக்கா கம்முனு உக்காந்துச்சு. எட்டு போதும். அப்பறம் முன் கண்ணாடி. அது ரொம்பச் சின்னதா இருந்தா மப்பு மந்தாரத்துல இருட்டிக்கும். இருவத்தஞ்சு மில்லி இருந்தா பரவால்ல. என்னை மாதிரி மூக்குக்கண்ணாடி போட்டவங்களுக்கு, கண்ணு வைக்கற எடத்துல ரப்பர் வளையம் மடங்கோணும், இல்லீன்னா பாதி வட்டந்தான் தெரியும். நடுவுல மடிச்சுச் சுருக்கறாப்ல இருக்கோணும். இதெல்லாம் குறிச்சுக்குங்க, அடுத்த தடவை வாங்கறப்ப ஆகும்.

கடைசிச் சோதனைதான் முக்கியம். பாக்கெட்டுல போட்டுட்டுக் குனியறது. கோயில்ல சாமி கும்பிடறப்பக் குனியோணுமில்லீங்க, அப்ப கீழ விழுந்துட்டா? ஒவ்வொண்ணாப் பாக்கெட்டுல போட்டுட்டுக் கடைக்குள்ளயே குனிஞ்சு குனிஞ்சு நிமிந்தேன். அப்பத்தான் உள்ள வந்த ஒரு அம்மா, நான் கல்லாவுல இருந்தவரு கால்ல விழுகறேன்னு நெனைச்சுப் பதறிப் போயிட்டாங்க. "அவரு சாமான் பாக்கறாருங்க"ன்னு துளசிமணிதான் சொல்லி உக்கார வச்சா.

கடைசியில ரெண்டு நின்னுச்சு. ரெண்டும் எட்டு, ரெண்டும் இருவத்தஞ்சு. ஒண்ணு தண்ணி புகாத ரகம். உள்ள காத்தை எடுத்துட்டு வேற வாயுவை அடைச்சிருக்கறாங்களாம், மழையில நனைஞ்சாலும் ஆவி புடிக்காதாம். ஆனா கொஞ்சம் தடிமன், பாக்கெட்டு புடைக்குது. கடைக்காரரு அதையே எடுங்கன்னாரு. துளசிமணியும் அதையே எடுங்கன்னா. நான் கேட்டேன், "நான் என்ன கெணத்துக்குள்ள முங்கிட்டா கருடன் பாக்கப் போறேன்?" ஞாயந்தானுங்க? ஒல்லியா இருந்ததையே எடுத்துட்டு வந்தேன்.

வந்தா அதுக்கும் ஒரு பேச்சு. அட்டைப் பெட்டி மேல கொம்பு வச்ச மானும், துப்பாக்கி புடிச்ச ஒரு வெள்ளக்காரனும் படம் போட்டிருந்துச்சு. வேட்டைக்குப் போறவங்களுக்குன்னு செஞ்சதாம். திருமலைச்சாமியண்ணன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, வேட்டைச் சாமானைக் கோயிலுக்குள்ள விடலாமான்னு கமிட்டியில பேசோணும்னாரு. பேசுனாங்களுங்க, ஒரு சாயந்தரம் பூரா. பெட்டியை வூட்டுல விட்டுட்டுச் சாமானை மட்டும் கொண்டு வரலாம்னு முடிவாச்சு. நான் அதுக்கு ஆயுத பூசையன்னிக்கே பொட்டு வச்சிருந்தேன். கண்ணாடியில படாம, பக்கவாட்டுல.

ஆனா பாருங்க, அதே கமிட்டிதான் அப்பறம் என்னைத் தேடி வந்துச்சு. கலசத்துக்குத் தண்ணி ஊத்தறதுக்குப் பச்சைக் கொடி காட்டுவாங்களே, தெரியுமில்லீங்க? ராஜகோபுரம், விமானம், பிள்ளையாரு, கருப்பராயன்னு எல்லாக் கலசத்துக்கும் ஒரே நேரத்துல ஊத்தோணும். அதனால கோபுரத்தை ஒட்டிக் கட்டுன சாரத்து மேல ஒருத்தர் நின்னு கொடியை அசைப்பாரு. அசைச்சாத்தான் ஊத்தோணும். எப்பவும் பெரிய பெரிய ஆளுங்க காட்டற கொடி. எங்க வம்சத்துல ஒருத்தரும் அந்தச் சாரத்துல ஏறுனதில்லை. இந்தத் தடவை, "மாரப்பன்கிட்டத்தான் கண்ணாடி இருக்குதே, அவன் கருடனைப் பாத்துட்டு அவனே கொடியைக் காட்டட்டும்"னு முடிவு பண்ணிட்டாங்க.

துளசிமணி அன்னிக்கே உடுமலைக்குப் போயி ஒரு சால்வை வாங்கிட்டு வந்தா. பச்சையில, ஜரிகை ஓரம் போட்டது. நான் கொடி காட்டிட்டு எறங்குனதும் எம்மேல போத்தறதுக்கு.

அன்னிக்குக் காலையில சாரம் ஏறுனேன். புது வேட்டி, இந்தச் சட்டை, பாக்கெட்டுல பைனாகுலரு, ஒரு கையில கொடி. மேல சிவாச்சாரியாரு கொடத்தைத் தூக்கிட்டு நிக்கறாரு, நான் ஒரு பலகை கீழ. தரையில பாத்தா ஊரு, வெளியூர்லருந்து வந்த ஒறம்பரை எல்லாம் அண்ணாந்து நிக்குது. முன்னாலயே துளசிமணி, சால்வையை மடிச்சுக் கையில வச்சுட்டு. கூட்டத்து மேல தீர்த்தம் தெளிக்கறதுக்கு ரெண்டு பக்கமும் மோட்டார் வச்சிருந்தாங்க. அது நான் காயில் கட்டிக் குடுத்த மோட்டாருங்க. கோயிலுக்குன்னு ஒரு சுத்து எச்சாவே போட்டுக் கட்டுனது.

திடீர்னு கீழ சத்தம். "கருடன், கருடன்." ஊரே கையைத் தூக்கிருச்சு. நான் பதறலை. பாக்கெட்டுலருந்து எடுத்தேன், கண்ணுல வச்சேன், திருகுனேன். அச்சடிச்சாப்ல வந்து நின்னுச்சுங்க. அந்தக் கண்ணாடியைக் குத்தம் சொல்லக் கூடாது. ரெக்கை, வாலு, கால்ல என்னமோ கவ்வியிருந்தது வரைக்கும் தெரிஞ்சுது. ஆனா அது கருடன் இல்லீங்க.

கரும்பருந்து. மேலெல்லாம் ஒரே மண்ணு நெறம். தலையில வெள்ளையுமில்லை, ரெக்கையில செங்கல் நெறமுமில்லை. வாலு நடுவுல வெட்டி விட்டாப்ல. கறிக்கடை மேல சுத்திட்டிருக்குமே, அதேதான். கால்ல இருந்தது ஒரு எலி.

சிவாச்சாரியாரு சொல்றாரு, "கொடியைக் காட்டுங்கோ."

"அது கருடன் இல்லீங்க சாமி. பருந்துங்க."

அவரு கொடத்தைத் தூக்குன கையோட என்னையப் பாக்கறாரு. நான் பைனாகுலரை மடிச்சு அவருகிட்ட நீட்டி, நீங்களே பாருங்கன்னேன். அவரு ஒரு கையில கொடம், ஒரு கையில இதுன்னு வாங்கி ஒரு நொடி வச்சுப் பாத்துட்டு, "நன்னாத் தெரியறதே, சாட்சாத் கருடபகவான்"னு திருப்பிக் குடுத்துட்டாரு. நானாச்சும் விடறதாவது. அவரு கண்ணகலத்துக்கு அதை விரிக்கவே இல்லீங்க. மடிச்சது மடிச்சபடி வச்சிருக்காரு, கும்மிருட்டைத் தவிர ஒண்ணுந் தெரிஞ்சிருக்காது. அதைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்னு துளசிமணி சொல்றா.

கீழருந்து திருமலைச்சாமியண்ணன் மைக்கைப் புடிச்சுட்டாரு. ராகு காலம் பொறக்கப் போவுது, கொடியைக் காட்டுப்பாங்கறாரு. நான் கையை ஆட்டி, வேற வரட்டும், இது இல்லைன்னேன். கூட்டத்துல ஒருத்தன் எறங்கிவாடாங்கறான். ஒருத்தன் கல்லைத் தேடற மாதிரி குனியறான். நீங்களே சொல்லுங்க, பன்னெண்டு வருசம் காத்திருந்தது எதுக்கு? எலி தின்னற பருந்துக்குக் கொடி காட்டவா? அம்மனுக்குச் சம்மதம்னு நான் பொய்யா எப்படிச் சொல்றது? கொடியைச் சுருட்டிக் கக்கத்துல வச்சுட்டேன்.

அப்பத்தான் அது நடந்துச்சுங்க. நான் வானத்தையே பாத்துட்டிருக்கறேன், கடைக்கண்ணுல கீழ என்னமோ பச்சையா ஆடுச்சு. கூட்டத்துக்கு மேல, ஒரு கம்புல. அவ்வளவுதான். பிள்ளையாருக்கு ஊத்திட்டாங்க, கருப்பராயனுக்கு ஊத்திட்டாங்க, சிவாச்சாரியாரு இதா மேல கவுத்துட்டாரு. கலசத்துலருந்து வழிஞ்சது பூராவும் எந்தலையில. அது போதாதுன்னு அந்தப் பக்கம் மோட்டாரைப் போட்டுட்டான் பாருங்க. தண்ணி சாரத்து உசரத்துக்கு அடிச்சுது. எங்கூர்ல அந்த மாதிரி எந்த மோட்டாரும் அடிச்சதில்லை. நல்ல வேலைப்பாடு, அதுல எனக்குக் கொறையில்லை.

தண்ணி நிக்கலை, அதுக்குள்ள மறுபடியும் கூட்டம் கத்துது. இந்தத் தடவை சத்தமே வேற மாதிரி இருந்துச்சுங்க, அடிவயித்துலருந்து வந்த சத்தம். வந்துருச்சுங்க. நெசமான கருடன். கோபுரத்துக்கு நேர் மேல, ரெக்கையை அசைக்காம வட்டம் போட்டுச்சாம். தலை சுண்ணாம்பாட்டம் வெள்ளையாம். அவ்வளவு தாழ வந்துச்சாம், கண்ணு தெரியாத கெழவியெல்லாம் பாத்துட்டாங்களாம். நான் சாரத்து மேல, எல்லாரையும் விட அதுக்குக் கிட்டத்துல நின்னுட்டிருக்கறேன். பைனாகுலரைக் கண்ணுல வச்சேன். வெள்ளை. திருகுனேன், வெள்ளை. உள்ள ஆவி புடிச்சிருச்சுங்க. வேட்டித் தலைப்புல தொடைச்சேன், வெளியதான் தொடைக்க முடியும், உள்ள எப்படித் தொடைக்கறது? தொடைச்சு வச்சு, திருகி வச்சு, அப்படியே நின்னுட்டிருந்தேன், எல்லாரும் கையை எறக்கற வரைக்கும்.

அதை எறக்கிட்டு வெறுங்கண்ணால பாத்திருக்கலாமேங்கறீங்க. தெரியுமுங்க, கேப்பீங்கன்னு. துளசிமணியும் அன்னிக்குச் சாயந்தரமே கேட்டா. நான் அவகிட்டச் சொன்னதையே உங்ககிட்டயும் சொல்றேன். அத்தனை தடவை கடை ஏறி, அத்தனை பாடுபட்டுத் தேடி வாங்குனதை எறக்கி வச்சுட்டு வெறுங்கண்ணால பாக்கறதுக்கு நான் என்ன வெவரமில்லாதவனா?

இனி பன்னெண்டு வருசமுங்க. இருப்பனோ என்னமோ.

சாரத்துலருந்து எறங்குனதும் நேரா அம்மன் முன்னால போயி, எரியற கற்பூரத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணுனேன். நான் காட்டாத கொடியைக் காட்டுனவன் எவனோ, அவன் கை பட்ட பச்சைத் தண்ணியைக் கூடத் தொடமாட்டேன்னு. துளசிமணி பக்கத்துலதான் நின்னா. அவ மொகமே வெளிறிப் போச்சுங்க. "எதுக்குங்க அந்தச் சத்தியமெல்லாம்"னு என் கையைப் புடிச்சுட்டு அழுகறா. எனக்கு நடந்த அநியாயத்தை அவளால தாங்க முடியலை, பாவம். ஊரே என்னையக் கல்லால அடிக்க நின்னப்ப, எனக்காக அழுத ஒரே ஆளு அவதான்.

அந்தக் கூட்டத்துல விவசாயச் சங்கத்துக்காரங்க பாதிப்பேரு தோள்ல பச்சைத் துண்டோடதான் நின்னாங்க. எவன் காட்டுனான்னு எப்படிக் கண்டுபுடிக்கறது? கமிட்டியில கேட்டேன். திருமலைச்சாமியண்ணன், "விசாரிக்கறோம்ப்பா"ங்கறாரு, மீசையைத் தடவிட்டே. யாரைக் கேட்டாலும் ஒரு சிரிப்பு. டெய்லருகூடச் சிரிக்கறான். பங்காளிங்க எல்லாம் ஒண்ணாச் சேந்து ஒருத்தனை மறைக்கறாங்க, எனக்குத் தெரியாதுங்களா?

அதனால அன்னிக்கிலருந்து நான் வெளிய கைநனைக்கறதே இல்லீங்க. எவன் கையோ, எந்தக் கையோ. டீக்கடையில டீ இல்லை, கல்யாண வூட்டுல பந்தி இல்லை. மூணு வேளையும் துளசிமணி கையால மட்டுந்தான். அவளும் சலிக்காம ஆக்கிப் போடறா. முன்னையை விட ருசியா வேற ஆக்கறா, எதுக்குன்னு தெரியலை. சட்டியைக் கொண்டாந்து வைக்கறப்ப மட்டும் ஒரு தினுசா என் மூஞ்சியைப் பாப்பா.

இன்னிக்குக் கூட அண்ணன் வூட்டுக்கு வந்தாரு, பரிவட்டம் கட்டறோம் வாப்பான்னு. கொடி காட்டுனவன் பேரைச் சொல்லுங்க, வர்றேன்னேன். அவரு துளசிமணியைப் பாத்தாரு, துளசிமணி அடுப்பைப் பாத்தா. செருப்பை மாட்டிட்டுப் போயிட்டாரு. அதான் இந்தப் பஸ்ஸு.

அட, குளுந்த காத்து வந்துருச்சு பாருங்க. கொண்டை ஊசி வளைவு ஆரம்பிச்சாலே இப்படித்தான். சன்னலை எறக்கிக்குங்க. துளசிமணியும் என்னமோ எடுத்துப் போத்தறா. ஏனுங்க, அது பச்சையாத் தெரியுதே. ஜரிகை ஓரமா? உங்க கண்ணுக்கு எப்படித் தெரியுது? அட, அந்தச் சால்வைங்க. கூட்டத்துல எங்கியோ தொலைஞ்சு போச்சுன்னு சொன்னா. பாருங்களேன், பைக்கு அடியிலயே கெடந்திருக்குது. ஓரத்துல என்னமோ முடிச்சுங்கறீங்களா? கம்புல கட்டி அவுத்த மாதிரியா? பைக்குள்ள கெடந்து முறுக்கியிருக்கும். எனக்குன்னு ஆசையா வாங்குனது, ஒரு தடவை கூட எம்மேல போத்தலை.

எதுக்குச் சிரிக்கறீங்க? இருங்க, இதுல பாத்துச் சொல்றேன். பாத்தீங்களா, கை போட்டதும் வந்துருச்சு. ம்ஹும். இன்னும் வெள்ளையாத்தான் இருக்குதுங்க. திரும்பறாளா? என்னமோ தூக்கிக் காட்டறா. என்னது, சோத்துத் தூக்குப்போசியா? சரி சரி, குடுத்து விடு துளசிமணி. ஏனுங்க முன் சீட்டம்மா, கொஞ்சம் வாங்கிக் குடுங்க.

புளிசாதமுங்க. நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க. வேண்டாங்காதீங்க, நம்பிச் சாப்பிடலாம். கொடி காட்டுனவன் கை படாத சோறுங்க.